கொரோனாகிராஃப்: 'ஒளிவட்டவரைவி' சரிதானா?

வணக்கம் ஐயா.

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவைப் பார்க்க உதவும் கருவி கொரோனாகிராஃப். சொற்பட்டியலில் அதற்கு 'ஒளிவட்டவரைவி' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு பாதியிலும் எனக்கு இடறுகிறது.

ஒளிவட்டம் என்றால் நிலாவைச் சுற்றிய ஊர்கோளும் சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பதும்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்புக்கு 'ஒளிமண்டலம்' என்று ஏற்கெனவே பேர். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். கொரோனாவை 'மகுடம்' எனலாம். லத்தீன் மூலத்துக்கும் அதுதான் பொருள்.

'வரைவி'தான் பெரிய சிக்கல். நிலநடுக்கவரைவியில் முள் வரைகிறது. இந்தக் கருவியின் வேலையோ மறைப்பது. மகுடத்தின் வெளிச்சம் சூரியப் பரப்பினுடையதில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைப் பார்க்க முழுக் கிரகணத்தின் சில நிமிடங்களுக்காகக் கப்பலேறிப் போனார்கள். 1930-இல் பிரான்சின் பெர்னார் லியோ, தொலைநோக்கிக்குள் சூரிய பிம்பம் விழும் இடத்தில் சிறு தட்டை வைத்துக் கிரகணத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டார். தட்டு மட்டும் போதவில்லை. முன் வில்லையின் விளிம்பில் வளைந்து வரும் ஒளியும் மகுடத்தை மூழ்கடித்துவிடும். அந்த விளிம்பின் பிம்பத்தைப் பின்னால் விழவைத்து, அங்கே இன்னொரு தடுப்பால் வெட்டினார். கண்ணாடியில் குமிழியோ கீறலோ தூசியோ இருந்தால் போச்சு. இத்தனைக்குப் பிறகும் வானமே ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் பைரனீஸ் மலைத்தொடரில் 2,877 மீட்டர் உயரத்து பிக் டு மிடி சிகரத்துக்கு ஏறினார். இன்றும் தரையிலிருந்து பார்க்க ஹவாயின் மௌனா லோவா மாதிரியான மலைதான் வேண்டியிருக்கிறது.

எனவே தட்டுக்கு 'மறைதட்டு', கருவிக்கு 'மறைநோக்கி' என்று வைக்கலாமா?

* * *

தம்பி, வரைவியை விட்டுவிடச் சம்மதம். மறைதட்டும் நன்று. ஆனால் 'மறைநோக்கி' என்றால் ஒளிந்திருந்து பார்க்கும் கருவி என்றாகிவிடும், நீர்மூழ்கிக்காரர்கள் தங்களுக்குக் கேட்பார்கள். வேதம் பார்ப்பவர் என்று படிக்கவும் ஆள் இருக்கிறது! 'மகுடநோக்கி' போதாதா?

* * *

சூரியனுக்குப் போதும், ஐயா. ஆனால் இதே உத்தியால் வேறு விண்மீன்களின் வெளிச்சத்தை மறைத்து, பக்கத்தில் சுற்றும் கோள்களைப் படமெடுக்கிறார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் கொரோனாகிராஃப் என்றே பெயர். அங்கே மகுடத்தை யார் தேடுகிறார்கள்? ஆங்கிலத்தின் பழைய சுமையை நாமும் தூக்க வேண்டுமா? 'ஒளிமறைநோக்கி' என்றால்?

* * *

சற்று நீளம். ஆனாலும் சொன்னதும் வேலை புரிகிறது. சூரிய ஒளிமறைநோக்கி, விண்மீன் ஒளிமறைநோக்கி என்று பிரிக்கவும் வருகிறது. சரி, பட்டியலில் மாற்றிவிடுகிறேன். அப்புறம், பின்னால் இருக்கும் அந்தத் தடுப்பை 'லியோ தடுப்பு' என்றே விடுங்கள்.