அறிமுக ஆவணத்தில் எதை முதலில் சொல்வது, எதை விடுவது?

கேள்வி

வணக்கம். சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணைத் தரவு) ஆராய்ந்து, இரட்டிப்பாக உள்ள வரிகளை நீக்கித் தரும் சிறு கட்டற்ற மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறோம். இது கட்டளை வரியில் இயங்குவது. இதன் ரீட்மீ என்னும் அறிமுகக் கோப்பில் முதலில் திட்டம் உருவான வரலாறும், அடுத்து நிரலின் உள்ளமைப்பும், அதன் பிறகு எல்லா விருப்பத்தேர்வுகளின் விளக்கமும், இறுதியில் நிறுவும் முறையும் இருக்கின்றன. எழுதியிருப்பதில் தவறு ஏதும் இல்லை. ஆனாலும் புதிதாக வருபவர்கள் வழுப் பதிவுப் பக்கத்தில் "இதை எப்படி இயக்குவது?" என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ஆவணம் முழுமையாக இருந்தே ஆக வேண்டும் என்கிறார் குழுவில் ஒருவர். ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறார் மற்றொருவர். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலை இதுவரை திறந்தே பார்க்காதவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டுமா என்பதிலும் எங்களுக்குள் முடிவு எட்டப்படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் குழுவினர் இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர்கள் வெவ்வேறு பக்கங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். டானியேலே ப்ரோசிடா முன்வைத்த டயாடாக்சிஸ் என்ற வகைப்பாடு மென்பொருள் ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கற்றுக்கொள்பவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சி, குறிப்பிட்ட ஒரு வேலையை முடிப்பதற்கான வழிமுறை, தேடிப் பார்ப்பதற்கான குறிப்பேடு, பின்னணியை விளக்கும் கட்டுரை. உங்கள் ரீட்மீயில் கடைசி இரண்டும் முன்னால் வந்து நிற்கின்றன, முதலாவது இல்லவே இல்லை. விருப்பத்தேர்வுகளின் விளக்கம் முழுமையாக இருக்கட்டும், ஆனால் அது தனிப் பக்கத்தில் இருக்கட்டும். 1971 முதல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டுப் பக்கங்கள் அந்தப் பணியைத்தான் செய்து வருகின்றன. கட்டளையை ஏற்கெனவே அறிந்தவர் ஒரு விவரத்தைச் சரிபார்க்கத் திறக்கும் பக்கங்கள் அவை. புதியவரிடம் அதையே நீட்டினால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது.

ஒரு திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தைத் திறந்தவுடன், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் அதன் ரீட்மீயைத்தான் முகப்பில் காட்டுகிறது. அங்கே வருபவருக்கு முதலில் எழும் கேள்வி, "இது என் சிக்கலைத் தீர்க்குமா?" என்பதே. அதற்கு இரண்டு வரிகளில் விடை சொல்லிவிட்டு, உடனே ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுங்கள். மூன்றே வரிகள் கொண்ட ஒரு கோப்பு போதும்: ஒரே மின்னஞ்சல் முகவரி முதல் வரியில் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, இரண்டாம் வரியில் சிறிய எழுத்தில் தொடங்கி இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோடு முடிகிறது, மூன்றாம் வரியில் இருப்பது வேறொரு முகவரி. உங்கள் நிரல் இயங்கிய பிறகு இரண்டு வரிகள் மட்டும் எஞ்சுவதைக் கீழே காட்டிவிட்டால், அந்தக் கருவி தமக்குத் தேவையா இல்லையா என்பதைப் படிப்பவர் நொடியில் முடிவு செய்துவிடுவார். எதைச் செய்யாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். எக்செல் கோப்புகளை உங்கள் மென்பொருள் படிக்காது என்றால், அதை நிறுவி முடித்த பிறகு ஒருவர் கண்டுபிடிக்கும்படி விடுவது நியாயமன்று.

அதன் பிறகே நிறுவும் முறை. ஒரே ஒரு வழியை மட்டும் கொடுங்கள். மாற்று வழிகளுக்கு வேறு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். மாதிரிக் கோப்பைத் திட்டத்துடனேயே சேர்த்து வழங்கி, முதல் கட்டளையை அதன்மீது இயக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே திரையில் என்ன தோன்ற வேண்டும் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். பல கட்டளைகள் வெற்றி பெற்றால் எதையும் அச்சிடுவதில்லை. அந்த மௌனம் வெற்றியா தோல்வியா என்பது எழுதியவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது.

மறுமொழி 2

மேலே உள்ள மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். நிறுவும் வழி ஒன்றே போதும் என்பதில் மட்டும் வேறுபடுகிறேன். பைத்தான் நிரல்களுக்கு அது பொருந்தாது. விண்டோஸில் இயங்கும் கட்டளை லினக்ஸில் அப்படியே இயங்கும் என்று சொல்ல முடியாது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில், மெய்நிகர் சூழல் (திட்டத்துக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்காமல் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நேரடியாக நிறுவ முயன்றால், கணினியின் பைத்தான் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பிழைச் செய்தியோடு கட்டளை நின்றுவிடும். இதை அறியாத புதியவர் உங்கள் மென்பொருளே பழுது என்று எண்ணிவிடுவார். எனவே இயங்குதளத்துக்கு ஒரு வழி என்று கொடுங்கள். மெய்நிகர் சூழலை உருவாக்கும் படியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆவணத்தைச் சோதிக்க உங்கள் சொந்தக் கணினி பயன்படாது. தேவையானவை எல்லாம் அதில் முன்பே நிறுவப்பட்டிருக்கும். புதிதாக நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியில், ஆவணத்தில் இருப்பதை மட்டும் நகலெடுத்து ஒட்டி இயக்கிப் பாருங்கள். கட்டளைக்கு முன்னால் அலங்காரமாக இருக்கும் டாலர் குறி கட்டளையோடு சேர்ந்து நகலாவதும், சொற்செயலியில் எழுதியதால் நேர் மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறி, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அதை ஏற்காமல் போவதும் அப்போதுதான் வெளிப்படும். அதன் பிறகு, திட்டத்தை அறியாத ஒருவரை உட்கார வைத்து, அவர் ஆவணத்தைப் பின்பற்றுவதைப் பேசாமல் பாருங்கள். அவர் தயங்கும் இடத்தில் வாய்திறந்து உதவிவிட்டால், ஆவணத்தில் விடுபட்டிருப்பது தெரியாமலே போய்விடும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மிக எளிது", "இதைச் செய்தாலே போதும்" போன்ற தொடர்களை நீக்கிவிடுங்கள். எளிது என்று சொல்லப்பட்ட இடத்தில் சிக்கிக்கொண்டவர் கேள்வி கேட்கவே கூச்சப்படுவார். உங்கள் பயனர்கள் கேட்கிறார்கள் என்பதே நல்ல செய்தி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மாதிரிக் கோப்பைச் சேர்ப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதை உடனே செய்கிறோம். டெர்மினல் அறியாதவர்களை என்ன செய்வது என்பதும், பதிப்புகள் மாறும்போது எடுத்துக்காட்டுகள் காலாவதியாகாமல் எப்படிக் காப்பது என்பதும் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

மறுமொழி 3

டெர்மினலைக் கற்பிப்பது உங்கள் ஆவணத்தின் வேலையன்று. ஆனால் வாசகருக்கு எது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்வது உங்கள் கடமை: "டெர்மினலில் ஒரு கோப்புறைக்குச் சென்று கட்டளை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை" என்று எழுதி, தெரியாதவர்களுக்கு நல்ல அறிமுகம் ஒன்றின் இணைப்பைக் கொடுங்கள். பதிப்பை எந்தக் கட்டளையால் சரிபார்ப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுகளைப் பொறுத்தவரை, அவற்றை நிரலின் சோதனைகளில் ஒன்றாகவே ஆக்கிவிடுவது நல்லது. பைத்தானுடன் வரும் டாக்டெஸ்ட், ஆவணத்தில் உள்ள ஊடாடும் பைத்தான் அமர்வுகளை இயக்கி, கிடைத்த வெளியீடு எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். உங்களுடையது கட்டளை வரி நிரல் என்பதால், ரீட்மீயில் உள்ள கட்டளைகளை மாதிரிக் கோப்பின்மீது இயக்கி, முடிவை எதிர்பார்க்கும் வெளியீட்டுடன் ஒப்பிடும் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ஒவ்வொரு மாற்றத்தையும் இணைப்பதற்கு முன் அது தானாக இயங்கட்டும். ஒரு விருப்பத்தேர்வின் பெயரை யாராவது மாற்றினால், ரீட்மீயையும் திருத்தும்வரை அந்த மாற்றம் உள்ளே போகாது. வெளியீடுகளைத் திரைப்பிடிப்புப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே வைத்தால்தான் இந்தச் சோதனை நடக்கும். பிழைச் செய்தியைத் தேடுபொறியில் இட்டுத் தேடுபவரும் அப்போதுதான் உங்கள் பக்கத்தை வந்தடைவார்.