மறு: டிரம் கோர் நடுவரின் 'டிக்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க டிரம் கோர் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (ஆங்கிலத்தில் corps. கடைசி இரண்டு எழுத்தையும் வாயில் போட்டு விழுங்கிவிட வேண்டும். 'கோர்ப்ஸ்' (corpse) என்று எழுதி உயிரோடிருக்கும் பிள்ளைகளைப் பிணமாக்க வேண்டாம்.) பித்தளை ஊதுகருவி, டிரம், கொடி இவற்றோடு இளைஞர்கள் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் போட்டி அது. கிளாரினெட், சாக்ஸபோன் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் டிரம் கோர் இன்டர்நேஷனலின் முதல் சாம்பியன் போட்டி நடந்தது. அனாஹைம் கிங்ஸ்மென் வென்றார்கள். அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் ஒப்பிடுவதுதான் என் வேலை.

மற்ற சொற்களில் எப்படியோ சமாளித்துவிட்டேன். ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன். 1983 வரை நடுவர்கள் 'டிக்' போட்டார்கள். வாசிப்பவர் பிசகினால் தாளில் ஒரு டிக். டிக் ஒன்றுக்கு பத்தில் ஒரு புள்ளி போயிற்று. இதை அப்படியே 'டிக்' என்று எழுத முடியுமா? நம் ஊரில் வாத்தியார் டிக் போட்டால் விடை சரி என்று அர்த்தம். "அந்த அணிக்கு நடுவர் நாற்பது டிக் போட்டார்" என்று எழுதினால் படிப்பவர் கைதட்டிவிடுவார்.

கழிவு, சுழி, பிழைக்கோடு என்று மூன்று யோசித்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

– செ.

------

செ. ஐயா,

கழிவு வேண்டவே வேண்டாம். 'கழிவு மதிப்பீட்டு முறை' என்று தலைப்புப் போட்டால் மாநகராட்சி டெண்டர் மாதிரி இருக்கும். கொஞ்சம் நல்ல மனதோடு படித்தாலும் ஆடிக் கழிவு வரைக்கும்தான் போகும். சுழியைக் கணிதக்காரர்கள் பூஜ்யத்துக்கு எடுத்துக்கொண்டு ரொம்ப நாள் ஆயிற்று. பிழைக்கோடு தேவலை. என் ஓட்டு அதற்கு.

– வா.

------

அன்புள்ள செ., வா.,

இண்டியானாபொலிஸில் இருக்கிறேன். 2009-லிருந்து இறுதிப் போட்டி நடக்கும் லூக்கஸ் ஆயில் ஸ்டேடியம் வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஆகஸ்ட் வந்தால் ஒரு டிக்கெட் எடுத்துவிடுவேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

பிழைக்கோடு சரிப்படாது. அந்த மைதானம் முழுக்கக் கோடுதான்: ஐந்து கஜத்துக்கு ஒன்று, நடுவில் ஐம்பதாவது கோடு, ஓரத்தில் எல்லைக்கோடு. வாசிப்பவர் காலை எங்கே வைப்பது என்று கணக்குப் பார்ப்பதே அந்தக் கோடுகளை வைத்துத்தான். "கோட்டைத் தவறவிட்டதற்கு ஒரு கோடு" என்று எழுதிப் பாருங்கள், தலை சுற்றும்.

நான் 'கீறல்' என்கிறேன். காரணம் சொல்ல வேண்டுமானால் எழுபதுகளின் ஒளிப்பதிவு ஒன்றைப் பார்க்க வேண்டும். இன்று மேளக்காரர்கள் வரிசையாக வரும்போது அவர்கள் மட்டும்தான் வருவார்கள். அன்று அவர்கள் நடுவே வேறொருவர் ஓடிக்கொண்டிருப்பார். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் பென்சில். சைடு டிரம் வரிசைக்கு எதிரே குனிந்து, அவர்கள் முன்னே வர வர இவர் பின்னே நடப்பார். கண் குச்சிகளின் மேல், காது தோலின் மேல். எட்டுப் பேர் சேர்ந்து இடைவிடாமல் உருட்டி அடிக்கும் ரோலில் ஒரு குச்சி மயிரிழை முந்தினால் போதும், பென்சில் ஒரு தரம் அசையும். எது பிழை, யாருடைய பிழை என்றெல்லாம் அங்கே நின்று எழுத நேரமில்லை. ஒரு கீறு, அடுத்த ஆளிடம் ஓட்டம்.

அந்த அசைவுக்குக் கீறல் என்றுதான் பேர். அதைவிட முக்கியம், அந்த முறையின் மனசே அந்தச் சொல்லில் இருக்கிறது. அணி மைதானத்துக்குள் வரும்போது அதன் கையில் முழு மதிப்பெண், கண்ணாடி மாதிரி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அதில் எத்தனை கீறல் விழுகிறது என்பதுதான் போட்டி. அதிகம் சம்பாதித்தவன் ஜெயிப்பதில்லை, குறைவாக இழந்தவன் ஜெயிக்கிறான். 1984-ல் இதைத் தூக்கிவிட்டு, கீழிருந்து மேலே ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். என்ன வாசித்தாய், எவ்வளவு கடினமானதை வாசித்தாய், அதை எவ்வளவு நன்றாகச் சாதித்தாய் என்று பார்த்து மதிப்பெண் கொடுப்பது.

பழைய காலம், புதிய காலம் என்று இங்கே சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். அன்று ஜி சுருதியில், விரலால் அழுத்தும் வால்வு குறைந்த பியூகிள் என்ற பித்தளை ஊதுகருவி. 1990-ல் மூன்று வால்வு வந்தது. 2000-ல் எந்தச் சுருதியும் ஆகலாம் என்றார்கள். 2004-ல் மைக், 2009-ல் சிந்தசைசர். 128 பேர் என்ற உச்சவரம்பு 150 ஆகி, பிறகு அதையும் தாண்டியது. இறகு வைத்த உயரத் தொப்பி போய், ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாடக உடுப்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் என் கணக்கில் இவை எதுவும் பென்சிலைப் பிடுங்கியதற்கு ஈடாகாது. கீறல் இருந்தவரை ஒரு பயிற்சியாளருக்குப் புத்திசாலித்தனமான வழி, பிள்ளைகளுக்குத் தடுமாறும் இடத்தை எளிமையாக்கிவிடுவது. வாசிக்காத சுரத்தில் பிழை விழாதே! அதனால்தான் பழைய ரசிகர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் நாலாவது வாக்கியத்தில் 'சுத்தம்' என்ற சொல் வரும். இப்போது ஓடிக்கொண்டே, முழங்காலிட்டுக்கொண்டே, சாரத்தின் மேல் ஏறிக்கொண்டே வாசிக்கிறார்கள். ஓட்டத்தில் ஒரு சுரம் சிதறினாலும் ஓடியதற்கு மதிப்பெண் உண்டு.

2014-ல் புளூ டெவில்ஸ் அணியினர் நூற்றுக்கு 99.650 எடுத்தார்கள். இதைக் கீறல் கணக்கில் படித்தால் 150 பேர் சேர்ந்து மொத்தம் மூன்றரைப் பிழை செய்தார்கள் என்றாகும். அபத்தம். எழுபதுகளின் மதிப்பெண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்து "பார், எவ்வளவு முன்னேறிவிட்டார்கள்" என்று உங்கள் கட்டுரை சொல்லிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

– அ.

------

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி பேண்டில் ஐந்து வருடம் சைடு டிரம் அடித்தவள் நான். எங்கள் மாஸ்டருக்குப் பென்சில் இல்லை, விரல்தான். பிசகினால் சொடுக்குவார். ஊர்வலம் முடிந்ததும் எத்தனை சொடுக்கு என்று சொல்வார், நன்றாக அடித்தது எத்தனை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆகவே அ. சொல்வது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கீறலுக்கு என் ஆதரவு.

ஆனால் இரண்டு திருத்தம்.

ஒன்று, அந்தக் காலத்தில் எல்லா மதிப்பெண்ணும் கீறலால் வரவில்லை. வாசிப்பு, நடை இவற்றின் துல்லியத்துக்குத்தான் கீறல். மொத்தத் தாக்கத்துக்கு அப்போதும் மேலே உட்கார்ந்திருந்த நடுவர்கள் ஏற்றுமுறையில்தான் மதிப்பெண் கொடுத்தார்கள். ஆக, மூன்றரைப் பிழைக் கணக்கு வேடிக்கைக்குச் சரி, கட்டுரைக்கு ஆகாது.

இரண்டு, பென்சிலைப் பிடுங்கிய பிறகுதான் துணிச்சல் வந்தது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நியூஜெர்சியின் கார்ஃபீல்டு கேடட்ஸ் அணி டிரம் கோர் இன்டர்நேஷனல் பட்டத்தை முதன்முதலாக வென்றது 1983-ல், கீறல் முறையின் கடைசி ஆண்டில். ஜார்ஜ் ஸிங்காலி அமைத்த அணிவகுப்பு அது. இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும் என்ற வழக்கத்தையே உடைத்துவிட்டு, வியூகம் வளைந்து, கரைந்து, வேறொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் ஓடியும் பென்சில்காரர்களிடம் தப்பித்தார்கள். துணிச்சல் முன்னால் வந்தது, தாள் பின்னால் மாறியது. அடுத்த இரண்டு வருடமும் புதிய தாளில் அவர்களே வென்றார்கள்.

முறைகளுக்கும் பேர் வேண்டுமே. 'குறையெண் முறை, நிறையெண் முறை' என்று முதலில் நினைத்தேன். குறை எண் என்றால் கணக்குப் பாடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே குறைகாண் முறை, நிறைகாண் முறை. 'குறை காண்பது' நம் எல்லோருக்கும் பழக்கமான தொழில், விளக்கமே தேவைப்படாது.

– தே.

------

தே. அக்கா,

கார்ஃபீல்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒருவர் துணிந்தது வேறு, எல்லோரும் துணிந்தாக வேண்டும் என்றானது வேறு. இரண்டாவது நிறைகாண் முறையின் வேலைதான்.

– அ.

------

நண்பர்களே,

நேற்றிரவு சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அழகாக இருக்கும் சொல் வாக்கியத்தில் நொண்டுவது நமக்குப் புதிதல்ல.

"குறைகாண் முறையில் ஒரு கீறலுக்குப் பத்தில் ஒரு புள்ளி கழியும்." சரியாக நிற்கிறது.

"மேள நடுவர் முதல் நிமிடத்திலேயே ஆறு கீறல் போட்டார்." இதுவும் சரி. 'கீறினார்' என்று வினையாகவும் வருகிறது. பிழைக்கோட்டுக்கு அந்த வசதி இல்லை. (வா. மன்னிக்க.)

"1993-ல் ஸ்டார் ஆஃப் இண்டியானா 97.3, கேடட்ஸ் 97.4. ஒரே ஒரு கீறல் அளவில் சாம்பியன் பட்டம் போயிற்று." இங்கேதான் இடறினேன். அந்த ஆண்டு கீறலே கிடையாது, பத்து வருடம் முன்பே எடுத்தாயிற்று. ஆனால் வாக்கியத்தை அடிக்க மனம் வரவில்லை. பார்பர், பார்ட்டோக் என்று இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களை வாசித்து, ஸ்டார் அணி பாதிக் கூட்டத்தைக் குழப்பிய நிகழ்ச்சி அது. அந்த அணி அத்தோடு போட்டியை விட்டே விலகிப்போனது. 'பழைய கணக்கில் சொன்னால்' என்று முன்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

ஆக கீறல், குறைகாண் முறை, நிறைகாண் முறை மூன்றையும் குழுமத்தின் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். மதிப்பெண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டிருந்த அட்டவணையைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. எழுபதுகளில் டிம்பனி என்ற பெரிய கிண்ண மேளத்தைக்கூட ஆளுக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு நடந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவற்றையும் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலபோன், மரிம்பா வகைகளையும் தரையில் இறக்கி, மைதானத்தின் முன்னோரத்தில் நிறுத்தி வைத்தார்கள். அந்த இடத்துக்கும் அங்கே வாசிப்பவர்களுக்கும் சேர்த்து 'பிட்' என்கிறார்கள். 'குழி' என்று போட்டிருந்தேன், பள்ளமே இல்லாத இடத்தில். தே. அக்கா, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

– செ.

------

'முன்னிருக்கை' என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அவர்கள் நின்றுகொண்டல்லவா வாசிக்கிறார்கள். நாளை வரை பொறுங்கள்.

– தே.