இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரலில் விடலாமா?

குன்னூர் மாப்பிள்ளை:
என் கார் 1.5 லிட்டர் பெட்ரோல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை. மனைவியின் ஊர் குன்னூர். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதெல்லாம் மாமனார் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வார். பர்லியார் வருவதற்குள் தொடங்கிவிடுவார்: "ஏன் மாப்பிள்ளை, பெட்ரோலைக் கரியாக்குகிறீர்கள்? நியூட்ரலில் விடுங்கள், வண்டி தானாக இறங்கும்." காலமெல்லாம் அம்பாசடர் ஓட்டியவர். டி-யில் (டிரைவ் கியரில்) இறங்கினால் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2,000-ஐத் தாண்டி நிற்கிறது, நியூட்ரலில் 700-க்கு விழும், அப்படியென்றால் பெட்ரோல் மிச்சம்தானே என்பது அவர் கணக்கு. எதிர்த்துப் பேச என்னிடம் சரக்கில்லை. உண்மையிலேயே மிச்சமாகுமா? கியர்பாக்ஸுக்குக் கேடு உண்டா?

தர்மபுரி லாரிக்காரன்:
சார், தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவன் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தச் சாலையில், டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, முன்னால் போன கார்களின் மேல் ஏறி நின்ற லாரிகள் எத்தனையோ. போலீஸார் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிரேக் டிரம் சூடேறி லைனிங் வழுக்க ஆரம்பித்துவிட்டால் முழுபலத்தோடு மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது கிளீனராக இருந்தபோதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

கோவை கியர்பாக்ஸ் பட்டறை:
தம்பி, உங்கள் மாமனார் அவருடைய அம்பாசடரைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை. கார்புரேட்டர் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் சுற்றுகிறவரை காற்றை இழுக்கும், காற்றோடு ஐடில் ஜெட் வழியாகப் பெட்ரோலும் வரும். சுற்று குறைந்தால் செலவும் குறையும்.

உங்கள் காரில் பெட்ரோலை விடுவது இன்ஜெக்டர். இறக்கத்தில் காலை முழுதாக எடுத்ததும், சுற்று ஓரளவுக்கு மேல் இருந்தால் ஈ.சி.யூ., அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், அதை மூடிவிடுகிறது. அப்போது சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. முள் 2,000-இல் நின்றாலும் ஒரு சொட்டு எரியாது. நியூட்ரலுக்குத் தள்ளிய நொடியில் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அணையாமலிருக்க என்ஜின் தன் பெட்ரோலை எரித்தே ஆக வேண்டும். இந்த அளவு என்ஜினுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் போல ஆகும், ஏ.சி. ஓடினால் கூடும். ஸ்கேனரைச் செருகி ஓட்டினால் பச்சையாகத் தெரியும்: டி-யில் இன்ஜெக்டர் திறக்கும் நேரம் பூஜ்யம், நியூட்ரலில் இரண்டு மில்லி வினாடிக்குமேல். உங்கள் டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டும் பட்டை இருந்தால், டி-யில் இறங்கும்போது அது கடைசிவரை நிரம்பி நிற்பதை மாமனாருக்கே காட்டலாம்.

கேடு உண்டா என்றால், உண்டு. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஆயிலை அழுத்தும் பம்ப் என்ஜினோடு சுற்றுவது. நியூட்ரலில் சக்கரப் பக்கம் வேகமாகச் சுழல, பம்ப் மட்டும் ஐடிலில் முனகிக்கொண்டிருக்கும். மறுபடி டி-க்குத் தள்ளும்போது, இரண்டு பக்கத்து வேக வித்தியாசத்தையும் கிளட்ச் பிளேட்டுகள் உரசித்தான் சமன் செய்ய வேண்டும். இந்தப் பழக்கமுள்ள வண்டியைப் பிரித்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கும். ஆயில் பேனில் உள்ள காந்தத்தை விரலால் வழித்தால் கரும்பசை கட்டியாக வரும்.

மைலேஜ் பைத்தியம்:
அண்ணா, மலைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் நெடுஞ்சாலையில், கண்ணுக்கே தெரியாத மெல்லிய சரிவில்? டி-யில் காலை எடுத்தால் 80-இல் போன வண்டி சீக்கிரமே 60-க்கு வந்துவிடுகிறது, மறுபடி மிதிக்க வேண்டியிருக்கிறது. நியூட்ரலில் இன்னும் நெடுந்தூரம் உருளும். ஐடிலில் எரிவதைக் கழித்தாலும் லாபம்தான். டி.எஸ்.ஜி. எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டி உள்ள சில கார்கள் ஈகோ முறையில் தாமே இப்படி உருள்கின்றனவே?

கோவை கியர்பாக்ஸ் பட்டறை:
கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார்களில் அது கம்பெனியே யோசித்து வைத்த ஏற்பாடு. பிரேக்கைத் தொட்டதும் கம்ப்யூட்டர் சுற்றைச் சமன் செய்து கிளட்சைச் சேர்க்கும். நீங்கள் 80-இல் போகும்போது லீவரைக் கையால் தள்ளுவதும் அதுவும் ஒன்றாகாது. மிச்சம்தான் நோக்கம் என்றால் டயர் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயரோடு நியூட்ரலில் உருளும் மகான்களை நான் தினமும் பார்க்கிறேன்.

குன்னூர்த் தம்பிக்கு: லீவரை எம் (மேனுவல்) பக்கம் தள்ளி 2 அல்லது 3-ஆம் கியரில் வைத்து இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள். வழியெல்லாம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வரக்கூடாது. ஆளும் மூட்டையுமாக உங்கள் கார் 1,500 கிலோ என்று வையுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை இறங்குகிறது. அந்த ஆற்றல் ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமம், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணி நேரம் ஓடவிட்ட சூடு. நியூட்ரலில் விட்டால் காற்றும் டயரும் தின்றது போக மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி பஞ்சாக உள்ளே போகும். உங்கள் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த முறை மலை ஏறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.