ஒரே மல மாதிரி, இரண்டு அறிக்கை: எதை நம்புவது?

வணக்கம். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனையைச் செய்துபார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என் மனைவிக்கு ரொம்ப நாளாக வயிற்று உப்புசம். ஒரே காலையில் எடுத்த மலத்தை இரண்டு குழாயில் போட்டு இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினோம். ஒரு அறிக்கையில் கொண்டைக்கடலை சிவப்புக் கட்டத்தில், தயிர் தாராளமாகச் சாப்பிடலாம். இன்னொன்று கொண்டைக்கடலையைக் கூட்டு, தயிரைக் குறை என்கிறது. தங்கள் சொந்த புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரையை வாங்கச் சொல்வதில் மட்டும் இரண்டுக்கும் அப்படி ஒரு ஒற்றுமை!

ஒரு நிறுவனம் பயன்படுத்துவது 16எஸ் முறை, அதாவது ஒரே மரபணுவை வைத்து பாக்டீரியாவை அடையாளம் காண்பது, பெரும்பாலும் பேரினம் (நெருங்கிய இனங்களின் குழு) வரைக்கும்தான் தெரியும். மற்றது மொத்த டிஎன்ஏவையும் படிக்கும் ஷாட்கன் முறை. மலத்தின் எந்தப் பகுதியைத் தொட்டு எடுத்தோம், குழாயில் என்ன திரவம், டிஎன்ஏவை எப்படிப் பிரித்தார்கள் என்பதெல்லாம்கூட அறிக்கையில் வரும் பாக்டீரியா விகிதத்தை மாற்றும். ஆய்வகங்கள் தங்கள் அளவீட்டைச் சரிபார்க்க அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் ஒரு பொது மல மாதிரியை வெளியிட்டதே 2025இல்தான். சரி, பட்டியல் வேறுபடுவது புரிகிறது. அதிலிருந்து 'கடலை வேண்டாம்' என்பதற்கு எப்படித் தாவுகிறார்கள்? அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரே நிறுவனத்துக்கே இரண்டு குழாய் அனுப்பியவர்கள் உண்டா, ஆலோசனை ஒத்துப்போனதா? இந்த அறிக்கையைக் குடல் மருத்துவரிடம் காட்டினால் பார்ப்பார்களா, இல்லை ஓரமாக வைத்துவிடுவார்களா? அப்புறம், மாத்திரையை ஆரம்பிக்கலாமா என்று மனைவி தினமும் கேட்கிறாள். சாப்பிட்டவர்கள் அனுபவத்தை எழுதுங்கள், விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.