கிளார்க்கா, கிளர்க்கா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆபீஸ் கிராணியை, அதாவது எழுத்தரை (clerk), ‘கிளார்க்’ என்பார். என் மகள் ‘கிளர்க்’ என்கிறாள். தாத்தா சொல்வது தப்பாம். அவர் முகம் வாடிப்போனது, எனக்கு மனசு கேட்கவில்லை. எது சரி?

பதில்: அக்கா, தாத்தா சொல்வது அசல் பிரிட்டிஷ் உச்சரிப்பு. தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கிளார்க் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயரும் இதே சொல்தான். மகளுடையது அமெரிக்க முறை, அதுவும் தப்பில்லை.

பதில்: schedule என்ற சொல்லை பிரிட்டிஷ் முறையில் ‘ஷெட்யூல்’, அமெரிக்க முறையில் ‘ஸ்கெஜுல்’ என்பதும் இப்படித்தான். இப்போது பிரிட்டனிலேயே இளையவர்கள் பலர் ‘ஸ்கெ’ என்றுதான் தொடங்குகிறார்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி தம்பி. இன்றிரவே அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து.