ரவுட்டர் தானாகவே மாறிய அனுபவம் யாருக்காவது உண்டா?

சிப்புட் ரிப்பேர்:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ். கிராணி கூப்பிட்டு, "தம்பி, பேங்க் பக்கம் ஒரு மாதிரியா இருக்கு, பூட்டுப் படத்தக் காணோம்" என்றார். ரவுட்டரைத் திறந்தால், தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தரும் டிஎன்எஸ் இடத்தில் யாருடையதோ எண்கள். கடவுச்சொல் மாறவில்லை, வெளியிலிருந்து நுழையும் வசதியும் மூடித்தான் இருந்தது. காலையில் ரவுட்டர் பக்கத்தில் வைஃபை பெயரை மாற்றியவர், அதே பிரவுசரில் இலவசப் படத் தளம் ஒன்றும் பார்த்திருக்கிறார். அந்தத் தளத்தின் மூலநிரலைத் துழாவினேன். ஒரே புள்ளி அளவில் ஒரு படம். படத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1, பின்னால் அதே டிஎன்எஸ் எண்கள்! படத்தை எடுக்கப் போவதாக நினைத்துக் கிராணியின் பிரவுசரே போய் மாற்றியிருக்கிறது. அந்த ஒரு வரி இன்னும் உறுத்துகிறது.

கூலிம் பையன்:
கடவுச்சொல் அட்மின் அட்மின் என்று இருந்திருக்கும். எங்கள் கோயில் கேமரா பெட்டியிலும் திடீரென்று புதிதாக ஒரு பயனர் முளைத்திருந்தார். கடவுச்சொல்லை மாற்றினோம், முடிந்தது. தவிர, குரோம் 2020லேயே இதையெல்லாம் தடுத்துவிட்டதே லா.

செம்பனை:
தம்பி கதையை முழுசாகப் படிக்கவில்லை போல. எங்கள் ஆலை ஆபீசில் ஸ்கேன் போகும் மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தது, என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். 2020இல் குரோம் கட்டுப்படுத்தியது குக்கியை, அதாவது நாம் உள்ளே நுழைந்ததை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போடும் சின்னக் குறிப்பை. பழைய ரவுட்டர்களில் பெயர், கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்குமே, அதில் குக்கி ஏது? ஒருமுறை கொடுத்ததைப் பிரவுசர் மூடும்வரை நினைவில் வைத்து, எந்தத் தளம் தூண்டினாலும் கூடவே அனுப்பிவிடும் பிரவுசர்கள் உண்டு, முக்கியமாகப் பழையவை. கடவுச்சொல் எத்தனை நீளமாக இருந்தால் என்ன? மெக்சிகோவில் 2008இலேயே வாழ்த்து அட்டை மின்னஞ்சலில் இப்படிப் படத்தை ஒளித்து ரவுட்டர்களை மாற்றி, ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பினார்கள். ஆகவே ரவுட்டர் வேலைக்கென்று தனிப் பிரவுசர் வையுங்கள். வேலை முடிந்ததும் அதை முழுதாக மூடுங்கள், டேபை மட்டும் மூடினால் போதாது. 192.168.1.1 என்ற முகவரியையும் மாற்றிவிடுங்கள். முழுக் காவல் ஆகாது, ஆனால் குருட்டாம்போக்கில் எறிகிற கல் படாது. அப்புறம், புதிதாக வாங்கினால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஊகிக்க முடியாத டோக்கன், அதாவது ரவுட்டரே தன் பக்கத்தில் தரும் ரகசியக் குறி, வைக்கிறதா என்று பாருங்கள்.

சிப்புட் ரிப்பேர்:
கடவுச்சொல் நான் வைத்தது தம்பி, அட்மின் இல்லை. செம்பனை அண்ணே, அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) வருவது நின்று பல வருஷம் ஆச்சு. மேனேஜரிடம் புது ரவுட்டர் கேட்டால், "அதான் லைட் எரியுதுல்ல?" என்கிறார்.