காய்கறி கேட்டேன், உள்ளே கறி இருந்தது. நாளை மதியம் என்ன செய்வது?

புதுப்பிள்ளை: அக்கா, அண்ணா, யாராவது உடனே சொல்லுங்கள். வந்து 11 நாள் ஆகிறது. காலேஜ் எதிரே பிலிப்பினோ கடையில் ‘வெஜிடபிள்’ என்று கேட்டேன். பூசணி, கத்தரிக்காய், பாகற்காய் எல்லாம் கலந்து தந்தார்கள். மூன்றாவது வாயில் கொழுப்போடு ஒரு துண்டு. எழுந்து ஓடிவந்துவிட்டேன். அன்றிலிருந்து பன்னும் வாழைப்பழமும்தான். நாளை என் குரூப் பிள்ளைகள் அதே கடைக்குக் கூப்பிடுகிறார்கள். மூன்று முறை தட்டிக் கழித்தாயிற்று. அம்மாவிடம் சொன்னால் திரும்பி வா என்பாள்.

கராமாவாசி: துபாய்தானே? இங்கே அந்தக் கடைகளில் பெரும்பாலும் பன்றிக்கறி இருக்காது, பயப்படாதே. கராமாவில் நம்ம ஊர் மெஸ்ஸே நிறைய இருக்கிறது.

மணிலா 9 வருஷம்: எந்த ஊர் என்று சொல்லம்மா. எதுவானாலும் முதலில் ஒரு ரைஸ் குக்கர் வாங்கு. நான் வந்த புதிதில் மூன்று மாதம் சோறும் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியும்தான். பொடி தீர்ந்த ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளிச்சாப்பாடே வேண்டாம்.

செபு அக்கா: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டால் மொழியும் வராது, சிநேகமும் வராது. சினிகாங் குடித்துப் பாரும்மா, புளி போட்ட சாறு, நம் ரசத்துக்குச் சொந்தம்.

மணிலா 9 வருஷம்: அதில் பன்றியோ மீனோ கிடக்குமே அக்கா! அப்புறம் எல்லாவற்றிலும் சர்க்கரை. ஸ்பகெட்டிகூட இனிப்பு. காரம் என்பதே கிடையாது.

செபு அக்கா: பிலிப்பைன்ஸிலேயே பிகோல் பக்கம் போயிருக்கிறீர்களா? தேங்காய்ப்பாலும் மிளகாயுமாகச் சமைப்பார்கள்.

தாவாவ் சீனியர்: பாவம், அந்தப் பிள்ளைக்கு நாளை மதியத்துக்கு வழி சொல்லுங்கள். தங்கச்சி, எந்த ஊர்? முட்டை, மீன் சாப்பிடுவாயா?

புதுப்பிள்ளை: மன்னிக்கவும் அண்ணா, சொல்ல மறந்துவிட்டேன். பிலிப்பைன்ஸில் தாவாவ், மெடிக்கல் முதல் வருடம். முட்டை மட்டும் சாப்பிடுவேன்.

தாவாவ் சீனியர்: அப்படியானால் வழி இருக்கிறது. நீ சாப்பிட்டது பினாக்பெட். துண்டை எடுத்துப் போட்டாலும் பயனில்லை, குழம்பிலேயே இறால் விழுது இருக்கும். இங்கே கறி சுவைக்காகச் சேர்க்கிற சாமான். அதனால் ‘வெஜிடபிள்’ என்றால் காய் இருக்கிற சாப்பாடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உன்னை ஏமாற்றவில்லை.

கரிண்டேரியாவில், அதாவது அந்த மாதிரிச் சின்னச் சாப்பாட்டுக் கடையில், பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், காட்டிக் கேட்பதுதான் வழக்கம். கடைக்கார அக்காவை ‘ஆத்தே’ என்று கூப்பிடு. ‘டிலி கோ மொகாவோன் ஓக் கார்னே, இஸ்டா’ என்று சொல். கறி, மீன் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம்.

தோர்தாங் தாலோங் கேள். கத்தரிக்காயைச் சுட்டு, தோலுரித்து, காம்போடு தட்டையாக அமுக்கி, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. கொத்துக்கறி சேர்த்தும் செய்வார்கள், அதனால் கேட்டுவிட்டு வாங்கு. அது இல்லையென்றால் சோறும் பொரித்த முட்டையும். கலமன்சி எலுமிச்சையும் சின்ன மிளகாயும் கேட்டால் தருவார்கள், சோற்றில் பிழிந்துகொள். பச்சைப்பயறு மோங்கோவைப் பார்த்துப் பருப்பென்று ஏமாறாதே, கருவாடோ பன்றித் துண்டோ கிடக்கும். பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அது உனக்கு ஆகாதென்றால் அவித்த முட்டை கேள்.

முருங்கைக்கீரை இங்கே கமுங்காய், சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். குக்கர் வாங்கினால் பொரியலுக்கு ஆகும்.

புதுப்பிள்ளை: தோர்தாங் தாலோங். கையில் எழுதிக்கொண்டேன் அண்ணா. அந்த ‘மொகாவோன்’ வாக்கியத்தைக் குரலில் பதிந்து அனுப்புவீர்களா?

தாவாவ் சீனியர்: அனுப்பிவிட்டேன், கேட்டுப் பார். குரூப் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவிடு, கடைக்காரரிடம் அவர்களே பேசிவிடுவார்கள்.